மாடி வீட்டுக்குக் கொடுத்த பாஸ்வேர்டு

பழங்காநத்தத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சரக்காவுக்கு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி முழுக்க, தினமும் பதினொரு மணி வாக்கில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு ஆபீஸ் சாஃப்ட்வேரோடு லைன் அறுந்துபோனது. மாடியில் படம் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர்கள் காதில் விழட்டும் என்றே கத்தினேன். கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் பாஸ்வேர்டை மாற்றினேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு லைன் போயிற்று. சமையலறையில் என் மனைவி எனக்காக மைக்ரோவேவில் டீயைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அது நின்றதும் லைன் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் குடில் வைக்க இடம் வேண்டுமென்று, டிவி ஸ்டாண்டில் இருந்த மோடத்தை எடுத்து அந்த மைக்ரோவேவின் தலையில் வைத்தவன் நானேதான். குடிலைப் பிரித்த பிறகும் அதைத் திருப்பி வைக்கவில்லை.

மோடத்தை ஹாலுக்கு மாற்றினேன். புது பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு மாடியேறினேன். சீட்டைப் பார்த்து அக்கா விழித்தார்.

“மாத்திட்டீங்களா தம்பி? எங்களுக்குத் தெரியாதே. நீங்க வேலை பாக்க முடியாம அம்புட்டுக் கத்துனதக் கேட்டு, மொத நாளே எங்க போன்லருந்து உங்க வைஃபைய எடுத்துட்டோம். இப்ப உங்களுக்கு லைன் நல்லா கிடைக்குதா?”