கிழக்கே பறந்தால் பொழுது சீக்கிரம் சாயும்: மல்லிகாவோடு ஒரு பகல் விமானம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு முக்கால்வாசிப் பேர் ராத்திரி விமானத்தில்தான் போகிறார்கள். டிக்கெட் விலை குறைவு, ஒரு நாள் வேலை கெடாது, கண்ணை மூடித் திறந்தால் ஊர் வந்துவிடும். நானும் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாசியில் என் மனைவி மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு பகல் விமானத்தில் போய் வந்த பிறகு பேச்சை மாற்றிக்கொண்டேன். மறதி நோய் உள்ளவர்களை அழைத்துக்கொண்டு கடல் தாண்டிக் கிழக்கே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், காசு கேட்க மாட்டேன்.

மல்லிகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடமாக மறதி. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், பிறகு அடுப்பையே மறந்தாள், இப்போது கொஞ்ச நாளாக என்னையும். முப்பது வருடம் “ஏங்க” என்று கூப்பிட்டவள், ஒரு நாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே “போதுமா அண்ணே?” என்றாள். பாலக்கரையில் நான் கார், வேன்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். காதுக்குப் பழக்கம்தான். மனசு மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், சுகன்யா. சிங்கப்பூரில் இருக்கிறாள். அப்போது பிரசவமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்ததால் அவளால் வர முடியவில்லை. போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்வி: “அம்மா என் பேரைச் சொல்றாங்களாப்பா?” சொல்கிறாள் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், வீடியோவில் மகளைக் காட்டினால் மல்லிகா, “யாருங்க இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்கு” என்பாள். நேரில் பார்த்தால் தெரியலாம், இன்னும் ஆறு மாதம் போனால் அதுவும் தெரியாது என்று எனக்குப் பட்டது. அதனால்தான் கிளம்பினோம்.

போன வருடம் ஒரு தடவை இவளோடு ராத்திரி விமானத்தில் போய்ப் பட்டிருந்தேன். விளக்கை அணைத்ததும் மல்லிகா மிரண்டுவிட்டாள். எல்லாரும் போர்த்திக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, “இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு, என்னை இறக்கி விடுங்க” என்று அழ ஆரம்பித்தவள், தரை தொடும்வரை நிறுத்தவில்லை. புத்தூரில் நாங்கள் பார்க்கிற டாக்டரம்மா, இந்த நோய்க்காரர்களுக்கு விளக்கு வைக்கிற நேரத்திலிருந்துதான் குழப்பம் அதிகமாகும், வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றார்.

பகல் விமானம் என்றால் ஏதோ ஒரு பகல் விமானம் என்று நினைத்து, மதியம் ஒன்றரை மணி டிக்கெட்டைப் போட இருந்தேன். சுகன்யாதான் போனில் கத்தினாள்.

“அப்பா, நாலு மணி நேரம் பறக்கணும். இங்க மணி ரெண்டரை கூட. நீங்க இறங்கறப்ப எட்டு ஆயிடும், இருட்டிடும்ப்பா.”

“எங்க பொழுதுல ரெண்டரை மணி நேரத்தை எவன்டி எடுத்துக்கறான்?”

“நீங்க கிழக்க வர வர சூரியன் எதிர்ப்பக்கமா ஓடுதுல்ல, அதான்.”

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இவ்வளவு விளக்கம் போதும். காலை 9.40 விமானத்துக்குப் போட்டேன். ஆளுக்கு 11,600 ரூபாய். ராத்திரி என்றால் 9,300. போய்ச் சேரும் நேரம் அங்கே மாலை 4.15.

காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் வீட்டைப் பூட்டினோம். ஏர்போர்ட் பதினைந்து கிலோமீட்டர், கார் 600 ரூபாய். ஓட்டி வந்தவர் பாஷா பாய், என் கடையில் சீட் கவர் போட்டவர். காவிரிப் பாலத்தில் ஏறியதும் மல்லிகா என் பக்கம் கையை நீட்டினாள்.

“அண்ணே, ஒரு காசு குடுங்க.”

பாலம் தாண்டும்போது ஆற்றில் காசு போட்டுக் கும்பிடாமல் அவள் ஒரு நாளும் ஸ்ரீரங்கத்தை விட்டுப் போனதில்லை. எதை மறந்தாலும் இது மட்டும் மறக்கவில்லை. நான் பாஸ்போர்ட்டை ஏழு தடவை பார்த்தவன், சில்லறையைப் பார்க்கவில்லை. பையைத் துழாவி முடிப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. அவள் முகம் சுருங்கிப்போனது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்னலில் நின்றபோது பாய் ஒரு அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து நீட்டினார்.

“அக்கா, இதை வச்சுக்கங்க. திரும்பி வரப்ப சேத்துப் போட்டுக்கலாம்.”

“திரும்பி வருவமா?” என்று கேட்டாள் மல்லிகா.

“வராம? இந்த அண்ணன் என் வண்டிக்கு இன்னும் ஸ்டியரிங் கவர் தச்சுத் தரல. விட்டுருவனா?” என்றார் பாய். அவள் சிரித்துக்கொண்டே காசைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

புது டெர்மினலில் நடக்கிற தூரம் அதிகம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டிருந்தேன், அதற்குத் தனிப் பணம் இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது. சோதனையில் மல்லிகா கையை மட்டும் திறக்க மாட்டேன் என்றாள். அந்தப் போலீஸ் பெண் பொறுமையாக, “அம்மா, பாத்துட்டுத் தந்துடறேன்” என்று வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பெண் நல்லா இருக்கட்டும்.

இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட். மாசியில் வெயில் வலது பக்கம் அடிக்கும், இடது பக்கம் கூசாமல் பார்க்கலாம். சீட்டில் இரட்டைத் தையல், நன்றாகவே தைத்திருந்தார்கள், நானே குறை சொல்ல முடியவில்லை. கிளம்பி இருபது நிமிடத்தில் கரை முடிந்து கடல் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்தான். ராத்திரியில் போகிறவர்களுக்கு அப்படி ஒன்று கீழே இருப்பதே தெரியாது.

மல்லிகா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, “காவேரி நெறஞ்சு போவுது. அக்கரையே தெரியல” என்றாள்.

“மேட்டூர்ல எல்லா மதகையும் தூக்கிட்டான்” என்றேன்.

உடனே கையைத் திறந்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். இது திறக்காது என்றால் கேட்கவில்லை, விரலால் நெம்பத் தொடங்கிவிட்டாள். விமானத்தில் வேலை பார்க்கிற தமிழ்ப் பெண் ஒன்று வந்து குனிந்து, “ஆன்ட்டி, இங்கேருந்து போட்டா காத்துல போயிடும். எறங்கிப் போடலாம், பத்திரமா வச்சுக்கங்க” என்றது. மல்லிகா யோசித்தாள். பிறகு காசைக் கண்ணாடியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தயிர்சாதம் கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்ட தெம்பில் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“உங்களுக்குக் குடும்பம் இருக்கா அண்ணே?”

“இருக்கும்மா. ஒரு பொண்டாட்டி. வாய் கொஞ்சம் ஜாஸ்தி.”

“ஐயோ பாவம்.”

“என்னைப் பாத்தா பாவமாவா இருக்கு?”

“உங்களை இல்ல, அந்தம்மாவச் சொன்னேன்.”

நான் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பழைய மல்லிகா அப்படியே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. அடுத்து அவள், “ஏன், அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? இவ்ளோ தண்ணியப் பாத்தா சந்தோஷப்படுவாங்க” என்றாள்.

“பின்னாடி வந்துக்கிட்டு இருக்கா” என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நானும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலேகாலுக்கு இறங்கி, வெளியே வரும்போது மணி 5.05. நல்ல வெயில். சுகன்யா குழந்தையை மாரோடு கட்டிக்கொண்டு நின்றாள். மகள் அம்மா முகத்தையே பார்த்தாள். மல்லிகாவும் பார்த்தாள்.

“சுகன்யா” என்றாள் மல்லிகா. “ஏன்டி இப்படி எளச்சுட்டே? ஒழுங்கா சாப்பிடறதில்லையா?”

மகள் அம்மா தோளில் சாய்ந்து அழுத அழுகையில் குழந்தையும் சேர்ந்து அழுதது. மல்லிகா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினாள்.

“இந்த அண்ணன்தான்டி கூட்டிட்டு வந்தாரு. ரொம்ப நல்ல மனுஷன். வழி பூரா என்னைச் சிரிக்க வச்சுக்கிட்டே வந்தாரு. ஒரு காபி போட்டுக் குடுத்து அனுப்பு.”

சுகன்யா, “அம்மா, அது...” என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மல்லிகா மூடிய கையைத் திறந்தாள். திருச்சியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த காசு உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது. அதை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள்.

“வச்சுக்கங்க அண்ணே. வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு ஆகும். அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.”

இனி உங்களுக்கு. கிழக்கே போகும்போது விமானம் கிளம்பும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். இறங்கும் நேரத்தைப் பாருங்கள், அதோடு இரண்டு மணி நேரம் கூட்டுங்கள், அப்போதும் வெளிச்சம் இருக்க வேண்டும். நாங்கள் வீடு சேர்ந்தது ஆறேகாலுக்கு, அங்கே இருட்ட ஏழேகால் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆளுக்கு 2,300 ரூபாய் கூடக் கொடுத்தது அதற்குத்தான். உங்கள் போன் நம்பரை ஒரு துணியில் எழுதி அவர்கள் ஜாக்கெட்டுக்குள் தைத்துவிடுங்கள். முடிந்தால் மூன்று பேராகப் போங்கள், நான் பாத்ரூம் போகாமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருவது சுலபம், மேற்கே வரும்போது பகல் நீளும். காலையில் கிளம்பினால் கடிகாரப்படி ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி.

இருபத்து நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். இந்தத் தடவை பை நிறையச் சில்லறை வைத்திருந்தேன். பாலத்தில் பாய் வண்டியை மெதுவாக ஓட்ட, மல்லிகா கை நீட்ட, வேறொரு காசைத்தான் கொடுத்தேன். போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

அவள் பஸ்ஸுக்கென்று கொடுத்தது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நான்தான் இன்னும் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.