விலை பேசிய எருமை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று பக்கத்து வீட்டு எருமை கன்று போட்டது. முதல் நாள் சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சி ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். அந்த வாசனையில் நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது திருமுல்லைவாயிலில் எங்களுக்கு இரண்டு எருமைகள். பாலெல்லாம் ரயிலில் பட்டணம் போய்விடும். சீம்பாலை மட்டும் யாரும் விற்கமாட்டார்கள். அதனால் அதுதான் எங்கள் வாய்க்கு எட்டிய பால். கன்று போட நான்கு நாள் இருக்கும்போது, சினை எருமைக்கு நல்ல விலை என்று நைனா ஒன்றை விற்றுவிட்டார். நான் அழுதேன்.

“இன்னாத்துக்குடா அழுவுற? இன்னும் நாலு எருமை கட்டிட்டா தெனம் சீம்பாலுதான்” என்றார்.

“தெனம் கன்னு போடற எருமை எந்தச் சந்தையில கீது?” என்றாள் அம்மா.

பிறகு நைனா பன்னிரண்டு எருமைகள் கட்டினார். ஒருநாளும் அவர் உட்கார்ந்து சீம்பால் தின்று நான் பார்த்ததில்லை.

கிண்ணத்தை வழித்துத் தின்ற என் மகள், “நைனா, நம்ம எருமை எப்போ கன்னு போடும்?” என்று கேட்டாள். இன்னும் எருமைகள் கட்டப் பெரிய கொட்டகை போடுவதற்காக, சினையாயிருக்கும் அதை நேற்றே விலை பேசி அச்சாரம் வாங்கிவிட்டேன்.

“சீக்கிரமா கண்ணு” என்றேன்.

நாளைக் காலையில் எருமையை ஓட்டிப்போகத் தரகர் வருவார். மகள் எங்கள் எருமையின் சீம்பாலுக்கென்று எங்கள் வெண்கலக் கிண்ணத்தைத் துலக்கி, அடுப்பருகே கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

பார்த்திப வருஷம், ஐப்பசி ஒன்பது.