சுத்தமா இறங்கட்டும் என்றேன்

அப்போது ராயபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எதையும் கேட்பதற்கு முன் பதில் சொல்லிவிடுவேன்.

ஒரு காலையில், காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்து தன் போனை நீட்டினார். "இன்னா நைனா இது, சார்ஜ் மூணு கோடு காட்டிக்கினே பொட்டுனு ஆஃப் ஆவுது. என் வூட்டுக்காரர விட பொய் சொல்லுது" என்று சிரித்தார்.

"சார்ஜ் சுத்தமா இறங்கட்டும்க்கா. அப்பால ஆஃப்லயே வெச்சு எட்டு மணி நேரம் ஏத்துங்க. கோடு சரியாப்பூடும்."

மறுநாள் வந்தபோது அவர் கண்கள் வீங்கியிருந்தன. கடலுக்குப் போன கணவர், காற்று பலத்ததால் வேறு துறைமுகத்தில் படகை ஒதுக்கிவிட்டு, அதைச் சொல்லப் பலமுறை அழைத்திருக்கிறார். போனோ நான் சொன்னபடி வீட்டில் அணைந்து கிடந்தது. மற்ற படகுகள் எல்லாம் திரும்பியும் அவர் வராததால், இந்த அக்கா சாயங்காலம் வரை கரையிலேயே அழுதுகொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் போனைப் போட்ட பிறகுதான் அவர் பத்திரமாக இருப்பது தெரிந்திருக்கிறது.

"தப்பு என்னோடதுக்கா" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ? கோடு இப்ப கரெக்டாதான் கீது" என்று போனைக் காட்டினார். அதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போதெல்லாம் போனைக் கையில் வாங்கும்போதே, "இன்னிக்கு யாருகிட்டேருந்தாச்சும் போன் வரணுமா?" என்று கேட்டுவிடுகிறேன்.