கண்ட்ரோல் எஸ்ஸில் வைத்த பொறி

அந்த அச்சகத்தில் டைப் அடிக்கும் அக்காவுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். தன் கணினியை யாரோ தொடுகிறார்கள் என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. அதனால் டைப் அடிக்கும் மென்பொருளின் ஷார்ட்கட் விசைகளை மாற்றி வைத்திருந்தாள். சேமிப்பதற்கு எஃப்-ஒன்பது. ஊரே சேமிக்க அழுத்தும் கண்ட்ரோல் எஸ்ஸை அழுத்தினாலோ, கர்சர் நிற்கும் வரி அழிந்துவிடும். கள்ளக் கை அதில் மாட்டும் என்பது அவள் கணக்கு.

ஒரு வாரம் முதலாளியின் கணினியில் வேலை பார்த்துவிட்டு அன்றுதான் தன் இருக்கைக்குத் திரும்பியிருந்தாள். காலையில் அடித்த மருந்து விளக்கத் தாளில் குழந்தைகளுக்கான அளவு வரியையே காணோம். அப்படியே அச்சுக்குப் போயிருந்தால் அவள் வேலை போயிருக்கும். பக்கத்து இருக்கைக்காரனை முறைத்தாள்.

"என் மெஷின்ல கை வச்சியா?"

"அதுக்குப் பக்கத்துல தும்மக்கூட பயமா இருக்குக்கா."

அவனை ஓரக்கண்ணால் பார்த்தபடியே வரியைத் திரும்ப அடித்தாள். சேமிக்கப் போன விரல்கள், முதலாளி கணினியின் ஒரு வாரப் பழக்கத்தில், தாமாகவே கண்ட்ரோல் எஸ்ஸை அழுத்தின. வரி மறைந்தது.

"இப்ப யாருக்கா கை வச்சது?"

ஷார்ட்கட்டைப் பழையபடி ஊர் வழக்கத்துக்கே மாற்றினாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அது சரி, நீ எதுக்கு என் கையையே பார்த்துக்கிட்டிருந்தே?"