பேர் எழுதாத இட்லிக்கடை

"நீங்க என்ன ஆளுங்க?"

யாராவது இப்படிக் கேட்டால் அமிர்தம் சூடான தோசைக்கல்லில் ஒரு கை தண்ணீரைத் தெளிப்பார். சுர்ரென்று ஆவி எழும்பிக் கேட்டவர் முகத்தை மறைக்கும். ஆவி அடங்கியதும், "சாப்பிட வந்தீங்களா, சம்மந்தம் பேச வந்தீங்களா?" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவரும் சிரித்துவிட்டு இலையை விரிப்பார். கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். இதை எழுதுகிறவனுக்கும் அதற்குப் பதில் தெரியாது.

லால்குடிப் பக்கமிருந்து வாழைத்தாரும் நெல்லும் ஏற்றிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்குப் போகிற மாட்டுவண்டிகள் திருவானைக்காவலில் சற்று நிற்கும். அந்த இடத்தில்தான் அமிர்தத்தின் கீற்றுக் கொட்டகை. வாசலிலேயே அடுப்பு, வேலை முழுவதும் பார்க்கிறவர்கள் கண்ணெதிரே நடக்கும். ஆள் நல்ல உயரம். நெற்றியில் பொட்டும் இல்லை, திருநீறும் இல்லை. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் என்ன தொங்குகிறது என்பது ரவிக்கைக்குள் மறைந்திருக்கும். அமிர்தம் என்ற பெயரோ முருகன் கோயிலுக்குப் போகிற வீட்டிலும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிற வீட்டிலும் உண்டு.

அவரிடம் ஒரு விநோதமான வழக்கம். பண்டத்தில் குறை இருந்தால், இலையில் வைக்கும்போதே சொல்லிவிடுவார். "சாம்பார் அடிப்பிடிச்சிடுச்சு. வேணாங்கறவங்க சட்னியோட சாப்பிடுங்க." "மாவு புளிச்சிருக்கு. வயிறு சரியில்லாதவங்க நாளைக்கு வாங்க." இப்படிச் சொன்னால் வியாபாரம் என்ன ஆகும் என்று ஒரு வண்டிக்காரர் கேட்டதற்கு, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். அதனால்தான் அவர் வாய் திறக்காமல் பரிமாறுகிற நாளில் யாரும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வாழைத்தார் வண்டி ஓட்டுகிற சின்னையாவுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. அமிர்தம் தன் ஜாதிதான். சாம்பாரில் தன் வீட்டு வாசனையே வந்தது. வேறு யாருக்கு அந்தப் பக்குவம் வரும்? இதைச் சொல்லியே தன் கூட்டு வண்டிக்காரர்களையெல்லாம் கடைக்கு அழைத்து வந்தார். பஸ் கண்டக்டர் ஸ்தனிஸ்லாஸ் வேறு கணக்குப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை நேரம் கழித்துத் திறக்கிறதே, மாதா கோயில் பூசைக்குப் போகாமல் வேறு எதற்கு? ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் மூக்கனுக்கு மற்றக் கடைகளில் தனி டம்ளர், அதுவும் வாசலுக்கு வெளியே. இங்கே முதல் நாளே அமிர்தம் பெஞ்சில் உட்காரச் சொன்னார். மூக்கனும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

ஒரு மார்கழிக் காலையில் சின்னையா இட்லியைப் பிட்டுக்கொண்டே எங்கள் ஆள் கைப்பக்குவமே தனி என்று பெருமையடித்தார். ஸ்தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதிலிருந்து உங்கள் ஆள் என்றார். பேச்சு வளர்ந்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த மூக்கன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நான் எங்க தெருவுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

எல்லார் கையும் இலையில் நின்றுவிட்டது. சின்னையா பிட்ட இட்லியை இலையிலேயே போட்டார். இத்தனை நாள் யார் கையால் சாப்பிட்டோம், ஊரில் கேட்டால் என்ன சொல்வது?

"அமிர்தம், வெளையாட்டு வேணாம். என்ன ஆளுன்னு சொல்லிடு."

இந்தத் தடவை அமிர்தம் தண்ணீர் தெளிக்கவில்லை. "நேத்துவரைக்கும் நல்லாருந்த இட்லிக்கு இப்ப என்னண்ணே வந்துச்சு?" என்றார்.

சின்னையா பாதி இலையில் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். தன்னால்தான் இவ்வளவும் என்று கூசிப்போய் மூக்கனும் எழுந்தபோது அமிர்தத்தின் குரல் தடுத்தது. "நீங்க உக்காருங்க. அடுத்த ஈடு வெந்துக்கிட்டிருக்கு."

மறுநாள் முதல் மூக்கனைத் தவிர யாரும் வரவில்லை. அமிர்தம் ஊறவைக்கிற அரிசியில் ஒரு பிடி குறைக்கவில்லை. மீந்த மாவையெல்லாம் கடையெதிரே இருந்த மாட்டுத் தொட்டியில் ஊற்றினார். கொட்டகை பெரியண்ணன் என்பவருடையது, பக்கத்திலேயே அவருக்கு ஒரு தவிட்டுக்கடையும் இருந்தது. வண்டிகள் நிற்காமல் போனதில் அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. அவர் அமிர்தத்திடம் வந்தார். ஊரில் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஐயர் கிளப்பு, ரெட்டியார் கிளப்பு என்று பேர் இல்லையா, அதைப் போல நீங்களும் ஜாதியைப் போர்டில் போட்டுவிடுங்கள். பொங்கலுக்குள் போர்டு தொங்காவிட்டால் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"எந்த ஆளுன்னு போட்டா இட்லி மெத்துனு வரும்? அதச் சொல்லுங்க, போட்டுக்கறேன்" என்றார் அமிர்தம்.

சின்னையா இப்போது பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி கிளப்பில் சாப்பிட்டார். அங்கே வாசலில் பெரிய எழுத்தில் ஜாதி இருந்தது. ஒருநாள் பாதி சாப்பிட்ட பிறகுதான் சாம்பாரில் கருகல் தெரிந்தது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இஷ்டமிருந்தால் சாப்பிடுங்கள் என்றான் பரிமாறுகிறவன்.

அவருடைய மாடுகளுக்கு இந்தச் சங்கதி எதுவும் புரியவில்லை. இத்தனை நாளும் விரட்டிக் கடந்துவந்தவை, மறுநாள் காலையில் பழக்கமான தொட்டியைக் கண்டதும் அமிர்தம் கடையெதிரே நின்றுவிட்டன. சின்னையா கயிற்றைச் சுண்டினார், அதட்டினார். அசையவில்லை. அமிர்தம் கழனித்தண்ணீர் வாளியோடு இறங்கி வந்தார்.

"நான் உன் கடைக்கு வரல. மாடு நின்னுபோச்சு."

"குடிச்சிட்டுப் போவட்டும்ணே. அதுங்க ஒண்ணும் கேக்கலியே."

சின்னையா ரோட்டில் வேறு வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். ஊரை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. பிறகு இறங்கிக் கை கழுவிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். மூக்கன் எழுந்து இடம் விடப் பார்த்தார்.

"நீயும் எந்திரிச்சுட்டா நான் யாரோட பேசிக்கிட்டு சாப்பிடறது? உக்காருய்யா."

ரோட்டில் போன வண்டிகள் அதைப் பார்த்தன. சில வண்டிகள் நின்றன. சில அதன் பிறகு நிற்கவே இல்லை. ஸ்தனிஸ்லாஸ் ஒன்றும் நடக்காததைப் போல வந்து உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னார்.

போகியன்று காலையில் பெரியண்ணன் போர்டு எழுதுகிற பையனோடு வந்தார். பச்சை வர்ணம் பூசிய நீளமான பலகை. 'சாப்பாட்டுக் கடை' என்று வெள்ளையில் எழுதியாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு முழம் காலியாக இருந்தது. அங்கே என்ன எழுத வேண்டும், இப்போதே சொல்லுங்கள், இல்லையென்றால் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பெரியண்ணன். பையன் வர்ண டப்பாவைத் திறந்தான். சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள்.

அமிர்தம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பலகையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பெஞ்சில் ஒரு ஆளுக்குக்கூட இடமில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் செங்கல் அடுக்கி, எழுத்து கீழே போகும்படி பலகையைக் கவிழ்த்துப் போட்டார். ஆடுகிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்தார்.

"உக்காருங்க. தம்பி, நீயும் உக்காரு."

பையன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். பெரியண்ணன் நின்றுகொண்டேயிருந்தார். அமிர்தம் இரண்டு இலை போட்டார்.

அந்தக் கடைக்கு இன்னும் பேர் எழுதவில்லை. திருவானைக்காவல் வழியாகப் போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.