மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்ணை இறக்குவது எப்படி

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. கட்டியவர் வரைபடத்தில் லிஃப்டுக்கு இடம் காட்டி அனுமதி வாங்கினார். அனுமதி வந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் மோட்டாரை வைத்துவிட்டார். இது விதிமீறல் என்று நான் குடிவந்த வாரமே அவரிடம் சொன்னேன். "உங்களுக்கு முதல் மாடிதானே சார்" என்றார். பணிக்காலம் முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடைத்ததில்லை.

திருவொற்றியூரில், விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிறோம். வடகாற்று கொண்டுவரும் நாற்றம்தான் எங்களுக்கு வானிலை அறிக்கை. ஒரு மழைக்காலத்து விடியலில் அந்தக் காற்றோடு வாயு வந்தது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது, தெருவே ஓடியது. எந்த ஆலை என்று கேட்டால் இன்றுவரை ஒவ்வொரு ஆலையும் பக்கத்து ஆலையைக் கைகாட்டுகிறது.

அடுத்த வாரம் மூன்றாம் மாடிப் பெண்மணி என் வீட்டுக்கு வந்தாள். வண்ணாரப்பேட்டை மொத்தக்கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள். புருஷன் துறைமுகத்திலிருந்து ஓசூர் வரை கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வந்தால்தான் வந்த கணக்கு. ஒரே மகள், பதினைந்து வயது, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க, உட்கார, பேச முடியாது. சிரிப்பாள். தாயின் எடைக்குச் சமமாக வளர்ந்துவிட்டாள்.

"சார், அன்னிக்கு அவரு வூட்ல இருந்தாரு. தோள்ல போட்டுகினு ஓடினாரு. இப்ப அவருக்கும் முதுவு போச்சு. மறுபடி வந்தா இவள யாரு தூக்கறது? நீ படிச்சவரு, சொல்லு."

"அதற்குச் சட்டம் இருக்கிறதம்மா" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே மொழி அது.

உண்மையிலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், எட்டாம் பிரிவு. பேரிடர் வந்தால் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று மாவட்டத்தில் பதிவு இருக்க வேண்டும். மனு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். கடைசியில் எங்கள் தெருவில் வாயுக்கசிவு ஒத்திகை நடக்கும், அதில் மாற்றுத்திறனாளி ஒருவரை மீட்பதும் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. அவள் அந்தக் கடிதத்தைத் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

ஒத்திகைக்குத் தேதி, நேரம், டீ, வடை எல்லாம் முன்பே முடிவாகியிருந்தன. வாயு மட்டும்தான் வரவில்லை. சங்கு ஊதியதும் ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் வந்தார்கள். கூடவே ஒல்லியான ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். அவர் கழுத்தில் 'மாற்றுத்திறனாளி' என்று அட்டை தொங்கியது. எங்கள் வாசலிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள்.

வாக்கிடாக்கி வைத்திருந்த இளம் அதிகாரியிடம், "நிஜமானவள் மேலே இருக்கிறாள்" என்றேன்.

"ஒத்திகைதானே சார். சிம்பாலிக்கா பண்றோம்."

படியில் நின்றிருந்த தாய் இறங்கி வந்தாள். "இன்னா சார் சிம்பாலிக்கு? கேஸு சிம்பாலிக்காவா வரும்? மேல வா. எம்பொண்ண தூக்கு, பாக்கலாம்."

"அக்கா கேக்கறது கரெக்ட்டுதான் சார்" என்றார் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்.

"டேய், வாய மூட்றா. நீ மயக்கத்துல கீற" என்றான் அவர் தலைமாட்டில் நின்றவன்.

வேறு வழியின்றி மேலே போனார்கள். பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பட்டை கட்டினார்கள். இத்தனை பேர் வீட்டுக்கு வந்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்தார்கள், பின்னால் இழுத்தார்கள், கடைசியில் செங்குத்தாக நிமிர்த்தினார்கள். பட்டையில் தொங்கிக்கொண்டு அவள் அலறினாள். அவள் குரல் சிரிப்புக்கு மட்டுமே ஆனது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எறக்கு! எறக்குடா! பீரோவாடா அது?" என்று தாய் கத்தினாள்.

அவளைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டுக் கீழே வந்து, அட்டை போட்டவரை வாசலிலிருந்து ஆம்புலன்ஸுக்குத் தூக்கிப்போனார்கள். வெளிச்சம் சரியில்லை என்று போட்டோகாரர் சொன்னதால் இன்னொரு முறையும் தூக்கினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அறிக்கையின் நகலை வாங்கிப் படித்தேன். மாற்றுத்திறனாளி ஒருவர் பத்திரமாக மீட்கப்பட்டார் என்று இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. அட்டை இருந்ததே.

ஆட்சேபம் அனுப்பினேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' நல்ல வாக்கியம். அலுவலகத்தில் இதை எழுதிக் கையொப்பத்துக்கு வைக்கும்போது, வாங்குகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

தாய் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தார்ப்பாய்த் துண்டுக்கு மேல் ஜீன்ஸ் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டு, தலைப்பக்கம் இரண்டு, கால்பக்கம் இரண்டு என்று கைப்பிடி வைத்து ஒரு தூளி தைத்தாள். அடியில் பழைய மெத்தைப் பஞ்சு. மகளை அதில் கிடத்தி, தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறக்குவாள். மத்தியான வேளைகளில் இரண்டாம் மாடிவரை பழகினார்கள். என் வீட்டுக்குக் கேட்கும்: தொப்பென்று ஒரு சத்தம், ஒரு சிரிப்பு, மறுபடி தொப், மறுபடி சிரிப்பு. மகளுக்கு அது விளையாட்டு. மேலே ஏற்ற இரண்டாம் மாடிப் பெண்கள் இருவர் கைகொடுப்பார்கள்.

அடுத்த வருடக் கடைசியில் ஒரு சாயங்காலம் மறுபடி வாயு வந்தது. கதவுகள் அடித்தன, பைக்குகள் சீறின. நான் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மேலேயிருந்து அந்தத் தொப் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. முதல் மாடியில் கால்பக்கக் கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன். வாசலுக்கு வந்துவிட்டோம். ஆலைகளும் அரசும் செய்யாததை ஒரு தையல்காரி செய்துகாட்டியிருந்தாள். தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. மூடியிருந்த மளிகைக்கடைப் படியில், மகளைத் தாய் மடியில் கிடத்திக்கொள்ள, மூவரும் ஈரத்துணிக்குள் இருமிக்கொண்டு இருந்தோம்.

இருட்டும் முன்பே காற்று திசை மாறிவிட்டது. ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்து, நிலைமை சீராகிவிட்டது, வீடு திரும்பலாம் என்று சொல்லிப்போனது. திரும்பி வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, எரிச்சலோடு, எங்களைத் தாண்டிப் படியேறினார்கள். இரண்டாம் மாடிப் பெண்கள் அன்று திரும்பவில்லை. புளியந்தோப்பில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். கேட்டுப் பார்த்த இரண்டொருவர், குழந்தைக்கு வாந்தி, இதோ வருகிறோம் என்றார்கள். வரவில்லை. என் முழங்கால் என்னை ஏற்றுவதோடு சரி.

படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் மகளைக் கிடத்திவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"சார், எறக்கறதுக்குச் சட்டம் கீதுன்னியே. ஏத்தறதுக்கு?"

எனக்குத் தெரிந்த சட்டங்களையெல்லாம் மனதில் புரட்டினேன். வெளியேற்றுவதற்கு எழுதியிருக்கிறார்கள்; முகாமுக்கும் நிவாரணத்துக்கும் எழுதியிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. என் வீட்டில் படுக்கலாம் என்றேன். அதற்கும் ஒரு மாடி ஏற வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்றிரவு தாயும் மகளும் அங்கேயே கிடந்தார்கள்; மோட்டார் ஓடும்போதெல்லாம் பெண் திடுக்கிட்டாள். மறுநாள் தாய் மீன்வண்டிக்காரர்கள் இருவரைக் கூட்டிவந்து மகளை ஏற்றினாள். சிமென்டில் கிடந்ததில் பெண்ணுக்குச் சளி பிடித்து, மூச்சு இழுத்து, ராயபுரம் ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்துவிட்டு வந்தாள். அதன்பிறகு அந்தத் தொப் சத்தம் கேட்கவில்லை.

போன மாதம் காற்றில் மறுபடி அதே நெடி. நான் படியில் நின்று காத்திருந்தேன். எல்லோரும் என்னை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். மேலேயிருந்து எதுவும் வரவில்லை. படியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூன்றாம் மாடிவரை ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் உள்ளேயிருந்து ஈரத்துணி திணித்திருந்தது. அந்தத் தூளியின் ஜீன்ஸ் துணி.

தட்டினேன்.

"நீ போ சார். நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

"கதவைத் திறம்மா. இறங்க எனக்கு மூச்சில்லை."

துணியை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு ஒரு ஆள் நுழையும் அளவு திறந்தது. நான் நுழைந்ததும் அவள் துணியை மறுபடி திணித்தாள். நெடியைத் தணிக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். பெண்ணை அங்கே மெத்தையில் கிடத்தியிருந்தாள். எனக்கும் ஒரு ஈரத்துணி தந்தாள். நான் அதை முகத்தில் சுற்றிக்கொண்டதைப் பார்த்து, இருமலுக்கு நடுவே, பெண் சிரித்தாள்.

கீழே தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. இப்பகுதி மக்கள் அனைவரும் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று அறிவித்துக்கொண்டே போனது.