பெயின்டர் விட்டுவைத்த மூன்று தகடுகள்

எபாக்சி பெயின்டில் களிமண் கலந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது என்று நிரூபிக்க, அந்தமானில் பதினான்கு மாதம் இருந்தேன். சாதாரணக் களிமண் இல்லை, நானோ களிமண். கப்பல் ஏறும்போது, "ஏன், களிமண்ணு இங்க கிடைக்காதா?" என்று கேட்டாள் மனைவி.

அந்தப் பொடியை அப்படியே போட்டால் உப்புமாவில் ரவை கட்டிதட்டுவது போலத் திரண்டுவிடும். அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் புகும். அதனால் பொடிக்கு முதலில் ஒரு ரசாயனப் பூச்சு கொடுத்து, பெயின்டோடு ஒட்டவைத்தேன். அதுதான் என் ஆராய்ச்சி. என் டாக்டர் பட்டமும் அதில்தான் தொங்கியது. ஒன்பது இரும்புத் தகடுகள்: மூன்றில் வெறும் பெயின்ட், மூன்றில் சாதாப் பொடி, மூன்றில் என் பக்குவம். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் அடித்து, துரு பிடிக்கிறதா என்று பார்க்க முகத்தில் இரும்பு தெரியப் பெருக்கல் குறி கீறி, படகுத்துறை ஓரக் கொட்டகையில் வரிசை கலைத்து மாட்டினேன். கடைசி நாள்வரை கழுவக் கூடாது என்பது கைடின் உத்தரவு. உப்பு அப்பிக்கொண்டு, எது எந்த நிலையில் இருக்கிறதென்றே தெரியவில்லை.

கடைசி வாரம் பார்த்து ஒரு கல்யாணத்துக்கு வடக்கு அந்தமானில் திக்லிபூர் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பி வந்தால், கொட்டகை முழுக்க வெள்ளிப் பெயின்ட். என் தகடுகள் மீதும்.

"மெயின்லேண்ட்லேர்ந்து படா சாப் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாராம்ல," என்றார் துறைமுக ஆபீஸ் பெயின்டர். "அரே சார், எவனோ பத்மாஷ் எல்லாத் தகட்டுலயும் ஆணியால கீறி வெச்சிருந்தான். கழுவி, துருவைச் சொரண்டி, பட்டி போட்டு சாஃபா அடிச்சுட்டேன்."

அந்தப் பத்மாஷ் நான்தான். அழுகை வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார், மூணை அடிக்காம விட்டேனே, அதுக்கா வருத்தம்? கழுவினதும் அது புதுசாட்டம் இருந்துச்சு. கீறல்லகூட துரு இல்ல. எதுக்குப் பெயின்ட்டை வேஸ்ட் பண்ணணும்?"

ஓடிப்போய் அந்த மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றும் என் பக்குவம்.

கைடுக்குப் போன் செய்தேன். "மத்த ஆறும் துருப்பிடிச்சதுக்கு என்னய்யா சாட்சி?" என்றார். பெயின்டர்தான் என்றேன். "சரி, எழுதி வாங்கு," என்றார்.

"ஆறு துருப்பிடிச்சு பேக்கார். மூணு ஏக்தம் டீக், துருவே இல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் பெயின்டர். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "அந்த மூணையும் இப்பவே அடிச்சுடவா சார்?" என்றார். நான் அவற்றைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை வரைக்கும் நடந்தே போனேன்.